மறுப்பவர் எல்லாம் பகைவரா?

கேள்வி:

ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. தாத்தா காலத்திலிருந்து நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. ஞாயிறு ஆராதனை, பெண்கள் ஐக்கிய சங்கம், லெந்து நாள் கூட்டம் எதையும் விட்டதில்லை. இப்போது எனக்கு வேண்டிய மூன்று பேரால் மனம் குழம்பிக் கிடக்கிறது.

முதலாவது, உடன் வேலை பார்க்கும் தமிழாசிரியை. ஆடிப்பூரத் தேரன்று அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கிறிஸ்துமஸ் அன்று அவர் குடும்பம் எங்கள் வீட்டில். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போய் வந்தவர். அவர் போன மாதம் ஸ்டாஃப் ரூமில், "இயேசுவை நான் கும்பிடுவேன் டீச்சர். ஆனா அவர் ஒருத்தர்தான் வழி, மத்தவங்க எல்லாரும் நரகத்துக்குப் போறாங்கன்னு உங்க ஆளுங்க மைக்ல பேசுறதை என்னால ஏத்துக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது, என் தம்பி. கருப்புச் சட்டைக்காரன். அப்பாவின் அடக்கத்துக்கு வந்து பெட்டியைத் தூக்கினான், மண் போட்டான். ஜெபத்தின்போது மட்டும் தள்ளிப் போய் நின்றான்.

மூன்றாவது, என் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. திடப்படுத்தலுக்குப் பெயர் கொடு என்றால் மாட்டேன் என்கிறாள். 'கருக்கு' படித்தாளாம். "செத்த பிறகும் கல்லறையில சாதி பாக்குறவங்களோட சேர்ந்து நான் எதுக்கும்மா உறுதிமொழி எடுக்கணும்?" என்று கேட்கிறாள்.

ஜெபக்குழுவில் சொல்லி அழுதேன். "எல்லாம் சத்துருவின் வேலை. உலகம் நம்மைப் பகைக்கும் என்று வேதத்திலேயே இருக்கிறதே" என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இந்த மூவரும் எங்களை வெறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெறுப்பே இல்லாமல் ஒருவர் எங்கள் மார்க்கத்தை மறுக்க முடியுமா? மகளிடம் நான் என்ன சொல்வது?

– ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்:

(சமய ஒப்பாய்வுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர்)

முடியும் அம்மா, தாராளமாக முடியும். உங்கள் மனத்துக்குப் பட்டதுதான் சரி.

கிறிஸ்தவம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நான்கு சங்கதிகள் இருக்கின்றன. இயேசுவும் அவருடைய போதனையும் ஒன்று. அவர் யார், அவரால் மனிதனுக்கு என்ன கிடைக்கும் என்று வகுத்து வைத்த விசுவாசக் கோட்பாடு இரண்டாவது. பிஷப், ஐயர், கமிட்டி, பள்ளிக்கூடம், சொத்து, கல்லறைத் தோட்டம் என்று நிற்கிற சபை அமைப்பு மூன்றாவது. ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லி ஆள் சேர்க்கிற ஊழியம் நான்காவது. ஒருவர் கிறிஸ்தவத்தை மறுக்கிறார் என்றால், இந்த நான்கில் எதை மறுக்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். உங்கள் தோழி மறுப்பது கோட்பாட்டின் ஒரு பகுதியையும் ஊழியம் நடக்கிற விதத்தையும். தம்பி மறுப்பது கோட்பாட்டின் வேரை. மகள் மறுப்பது சபை அமைப்பை. மூவரையும் ஒரே மூட்டையில் கட்டிச் 'சத்துரு' என்று பெயர் எழுதினால் ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதிக்காகத்தான் அப்படிக் கட்டுகிறோம்.

ஒவ்வொருவராகப் பார்ப்போம். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரை – ராஜபாளையம் பஸ் போகிற வழியிலேயே பாதி கிடைத்துவிடும்.

'ஒரே வழி' என்பதை ஏற்காதவர்கள்

தமிழாசிரியை சொன்னதை அவருக்கு முன்னால் சொன்னவர் காந்தி. ராஜபாளையத்துக்குக் காந்தி புதியவர் இல்லை. 1927 காதிப் பயணத்தில் அங்கே வந்திருக்கிறார். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

அந்தக் காந்திக்குச் சிறு வயதில் கிறிஸ்தவத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ராஜ்கோட்டில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு அருகே தெருமுனையில் மிஷனரி ஒருவர் நின்றுகொண்டு இந்துக்களையும் அவர்கள் தெய்வங்களையும் இழித்துப் பேசுவார். அதைத் தாங்க முடியவில்லை என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். பிறகு லண்டனில் ஒரு கிறிஸ்தவர் வற்புறுத்தலால் பைபிள் வாங்கிப் படித்தார். பழைய ஏற்பாடு அவருக்குத் தூக்கத்தை வரவழைத்தது. மலைப் பிரசங்கம் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்தவ நண்பர்கள் அவரை மதம் மாற்ற அன்போடு முயன்றார்கள். கூட்டங்களுக்குப் போனார், அவர்கள் கொடுத்த புத்தகங்களைப் படித்தார், கடைசியில் இல்லை என்றார். இயேசு மட்டுமே கடவுளின் குமாரர், அவரை நம்பினால் மட்டுமே மீட்பு என்பதை அவர் அறிவு ஏற்கவில்லை. இயேசு தன் பாவங்களைச் சுமந்துவிட்டதால் தனக்குக் கவலை இல்லை என்று ஒருவர் சொன்னபோது, பாவத்தின் தண்டனையிலிருந்து தப்பிப்பது தன் நோக்கமில்லை, பாவத்திலிருந்தே விடுபட வேண்டும் என்று காந்தி பதில் சொன்னார்.

இவர் கிறிஸ்தவத்தை வெறுத்தாரா? அவருக்கு மிக நெருங்கிய நண்பர்களில் ஒருவர் சி.எஃப். ஆண்ட்ரூஸ் என்ற பாதிரியார். அவர் வாழ்க்கை வரலாற்றை முதன்முதலில், 1909-ல், நூலாக எழுதியவர் ஜோசப் டோக் என்ற பாப்டிஸ்ட் போதகர். மதமாற்ற ஊழியத்தைக் கடைசிவரை விமர்சித்த அதே காந்திதான் மலைப் பிரசங்கத்தைக் கடைசிவரை கையில் வைத்திருந்தார்.

'ஒரே வழிதானா' என்று கிறிஸ்தவத்துக்கு வெளியே இருப்பவர்கள் மட்டும் கேட்கவில்லை. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மற்ற மதங்களுக்கும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் தொடர்ச்சியே இல்லை என்று ஹென்றிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் அதற்கென்றே நூல் எழுதிக்கொண்டு வந்தார். அந்த ஆண்டே பி. செஞ்சையா, வி. சக்கரை முதலான சென்னைக் கிறிஸ்தவர்கள், இந்தியாவில் கிறிஸ்தவத்தைப் புதிதாகச் சிந்திக்க வேண்டும் என்று மறுநூல் வெளியிட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் தான் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. உங்கள் தோழி ஸ்டாஃப் ரூமில் எழுப்பிய விஷயம், பிஷப்புகளும் வேத சாஸ்திரிகளும் நூறு வருடமாக மோதிக்கொண்டிருக்கிற விஷயம்.

அவரைவிடக் கடுமையாக மறுத்த ஒருவரையும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மெதடிஸ்ட் பள்ளியில் படித்தவர். பீற்றர் பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். 1848-ல் அவரிடமிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' என்ற மறுப்பு நூலை அச்சிட்டார். தூபம், தீபம், ஆலயம், பலி எல்லாம் உங்கள் வேதத்திலேயே இருக்கும்போது எங்கள் வழிபாட்டை மட்டும் ஏன் பழிக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். வசனம் வசனமாகப் பைபிளை அறிந்தவரின் வாதம் அது. அச்சகம், பள்ளிக்கூடம், மேடைப் பிரசங்கம் என்று மிஷனரிகளிடம் கற்ற முறைகளையே கையாண்டு அவர்களுக்குப் பதில் சொன்னார். இதைப் போட்டி என்று சொல்லுங்கள், எதிர்ப்பு என்று சொல்லுங்கள். வெறுப்பு என்று சொன்னால் அவருடைய உழைப்பு விளங்காது. வெறுப்பவனுக்குப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவருக்கு இது விநோதமாகத் தோன்றக் கூடாது. மதுரையில் பாண்டியன் சபையில் சமயவாதம் செய்து பொற்கிழி வென்றவர் என்றுதானே உங்கள் ஊர்ப் பெரியாழ்வாரின் வரலாறு தொடங்குகிறது? வாதாடுவது இந்த மண்ணில் பக்திக்கு விரோதமாக இருந்ததில்லை.

எந்தக் கடவுளையும் ஏற்காதவர்கள்

தம்பி விஷயம் எளிது. அவர் இயேசுவைத் தனியாகப் பிடித்துக்கொண்டு மறுக்கவில்லை. கடவுள் என்பதையே மறுக்கிறார். சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931-ல் நம் விருதுநகரில்தான் நடந்தது. அந்த இயக்கம் புராணத்தைக் கேள்வி கேட்டது போலவே பைபிளையும் கேட்டது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927 மார்ச் 6-ம் தேதி லண்டன் பேட்டர்சி மன்றத்தில், தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்று ஆற்றிய உரையைத் தமிழில் கொண்டுவந்தவர்களும் அவர்களே. ரஸ்ஸலின் காரணங்கள் இரண்டு வகை. கடவுள் இருப்பதற்குச் சொல்லப்படும் நிரூபணங்கள் நிற்கவில்லை என்பது ஒன்று. நித்திய நரகத்தை நம்பிய ஒருவரை மனிதரில் மிக உயர்ந்தவர் என்று ஒப்ப முடியாது என்பது மற்றது. இயேசுவிடம் நல்ல போதனைகள் இருப்பதை அவர் மறைக்கவில்லை. தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்பவர்கள் அவற்றைக் கடைப்பிடிப்பதில்லை என்று கேலியும் செய்தார்.

பெரியார் சமூகத்தின் பக்கமிருந்தும் கேட்டார்: மதம் மாறின பிறகும் பறையர் பறையராகவும் நாடார் நாடாராகவும் இருந்தால் மாறியது என்ன? இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் சாதியின் மேல். அது உங்கள் மகளின் கேள்வியும்கூட.

தம்பி அப்பாவின் பெட்டியைத் தூக்கியதையும் ஜெபத்தில் சேராமல் தள்ளி நின்றதையும் ஒருசேரப் பாருங்கள். தூக்கியது பாசம். தள்ளி நின்றது, நம்பாததை நம்புவதாக நடிக்க மாட்டேன் என்ற நேர்மை. கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் கடைக்கணக்குப் பார்ப்பவர்கள் எல்லா ஆராதனையிலும் உண்டு. அவர்களைவிட உங்கள் தம்பி அந்த ஜெபத்தை மதித்திருக்கிறார். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தருகிற மனச்சாட்சிச் சுதந்திரம் நம்புகிறவருக்கும் உண்டு, நம்பாதவருக்கும் உண்டு.

உள்ளே இருந்துகொண்டே கேட்பவர்கள்

உங்களுக்கு அதிகம் வலிப்பது மகள் சொன்னதுதான். அவள் படித்த 'கருக்கு' உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் பிறந்த புத்தகம். அதை எழுதிய பாமா வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் 1958-ல் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியையாக இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்று கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்தார். மடத்துக்குள்ளும் சாதி இருப்பதைப் பார்த்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே தன் உழைப்பு போவதைப் பார்த்தார். ஏழாண்டுகளுக்குப் பின் வெளியே வந்தார். 1992-ல் 'கருக்கு' வந்தது. கடவுளைச் சாந்தமானவர், பொறுமையானவர், பணிவை விரும்புகிறவர் என்று சொல்லிக் கொடுத்தவர்கள், அவர் அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிறவர், நீதியின் பக்கம் நிற்கிறவர் என்பதை ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அந்த நூலின் அடிநாதம். இயேசுவை அவர் கைவிடவில்லை. அவரைக் காட்டித் தன் மக்களை அடக்கி வைத்தவர்களைக் கேட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நூலை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையார் நடத்திய 'ஐடியாஸ்' மையம். திருச்சபையைச் சுடுகிற நூலைத் திருச்சபையின் ஆட்களே கொண்டுவந்தார்கள். அதைச் சத்துருவின் வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் 2002-ல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். அதே ஊர், அதே கோயில், அதே சாதி. தங்கை கொதித்து எழுதியதை அண்ணன் நையாண்டியாக எழுதினார். இரண்டையும் படித்த எவரும் இவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் மேல் துவேஷம் என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் எழுதியது தங்கள் சொந்தபந்தங்களைப் பற்றி.

மகள் கல்லறையைப் பற்றிச் சொன்னதும் கற்பனை இல்லை. மதுரைக்கு 1606-ல் வந்த ராபர்ட் தெ நொபிலி, மாறுகிறவர்கள் தங்கள் சாதி வழக்கங்களை வைத்துக்கொள்ளலாம் என்றார். 1623-ல் போப்பாண்டவரும் அதற்கு அனுமதி தந்தார். உயர்சாதியாரை ஈர்க்கச் செய்த அந்த ஏற்பாடு, சாதி கோயிலுக்குள் வரவும் கதவு திறந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயில் 1872-ல் கட்டப்பட்டபோது, பீடம் ஒன்றாகவும் மக்கள் நிற்கும் கூடம் சாதிக்கொன்றாக இரண்டாகவும் கட்டினார்கள். 1910-ல் கவுசானல் அடிகளார் தடுப்பை அகற்றியதும் வேளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கிற சுவரை ஊரே அறியும். சாதி பார்க்கக் கூடாது என்று கண்டிப்புக் காட்டிய புராட்டஸ்டண்டு சபைகளில்கூட டயோசிஸ் தேர்தல் வந்தால் ஓட்டு எப்படிப் பிரிகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அரசாங்கத்தின் பக்கமும் தலித் கிறிஸ்தவர்களுக்கு அடி. 1950-ல் வந்த ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இதுவரை சேர்க்கவில்லை. உங்கள் மதத்தில் சாதி இல்லையே என்கிறது சட்டம். கல்லறையில் தனி இடம் காட்டுகிறது சபை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் கேள்வி கேட்காமல் என்ன செய்வான்?

உள்ளே இருந்து கேட்டவர்களில் இன்னொருவர் ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்தவர். நீங்கள் மதுரைக்குப் போகும் வழியில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தார். வெள்ளைக்கார அரசு தடியடி நடத்தும்போது சபைகள் அதன் பக்கம் நிற்பது இயேசுவின் போதனைக்கே விரோதம் என்று சபைத் தலைவர்களிடம் வாதாடினார். 1945-ல் இயேசுவின் நடைமுறையையும் போதனையையும் பற்றியே ஒரு நூல் எழுதினார். இயேசுவைக் கையில் பிடித்துக்கொண்டு சபையைத் தட்டிக் கேட்டவர் அவர். 1960-ல் இறக்கும்வரை கிறிஸ்தவராகவே இருந்தார்.

வெறுப்பை எப்படி அடையாளம் காண்பது?

வெறுப்பு என்ற ஒன்று இல்லை என்று நான் சொல்லவில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளருக்கு ஊழியம் செய்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய பத்து வயதும் ஆறு வயதுமான இரண்டு பையன்களையும் ஜீப்புக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 2008-ல் கந்தமாலில் ஊர் ஊராக வீடுகளை எரித்தார்கள். அது வெறுப்பு. அதை விமர்சனம் என்று சொல்வது செத்தவர்களுக்குச் செய்கிற துரோகம்.

பிரித்துப் பார்க்க நான் நான்கு கேள்வி கேட்பேன்.

ஒன்று, அவர் விரல் எதன் மேல் நீள்கிறது? கோட்பாட்டின் மேலா, வழக்கத்தின் மேலா, மனிதர்கள் மேலா? "நரகம் என்பதை நான் நம்பவில்லை" என்பது விமர்சனம். "இந்தக் கிறிஸ்தவங்களே இப்படித்தான்" என்பது வேறு சங்கதி.

இரண்டு, பதிலைக் கேட்கிறாரா? கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பார். வெறுப்பவர் அடுத்த வசைக்குப் போய்விடுவார்.

மூன்று, அதே அளவுகோலைத் தன் வீட்டுக்கும் வைக்கிறாரா? சபையில் சாதி இருக்கிறது என்று பேசுகிறவர் தன் ஊர்க் கோயிலில், சுடுகாட்டில், டீக்கடையில் அதைப் பார்த்தால் வாய் திறக்கிறாரா? பாமாவின் எழுத்திலிருந்து நான்கு வரியைப் பிய்த்தெடுத்து, "பார், அவர்கள் ஆளே சொல்கிறார்" என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாமாவுக்கு வலித்த சாதி அவர்களுக்கு வலிப்பதில்லை. சபைமேல் எறியக் கிடைத்த கல் மட்டும் இனிக்கிறது.

நான்கு, முடிவில் என்ன வேண்டும் என்கிறார்? "நான் வரவில்லை" என்பார் உங்கள் தம்பி. "திருந்துங்கள்" என்கிறாள் உங்கள் மகள். "மைக்கில் அப்படிப் பேசாதீர்கள்" என்கிறார் தோழி. "நீங்கள் இங்கே இருக்கவே கூடாது" என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-வது பிரிவு, ஒரு பிரிவினரின் மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே கெட்ட எண்ணத்தோடு செய்யும் நிந்தையைத்தான் தண்டிக்கிறது. தெரியாமலோ கவனக்குறைவாலோ புண்படுத்தியது அதற்குள் வராது என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இதே அளவுகோலை நாமும் நம்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதில் அவர் எடுத்துக்காட்டிய ஓர் ஆய்வு நூலின் வரியால் ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார், வழக்குகள் பதிவாயின, கவிஞர் வருத்தம் தெரிவித்தார். தமிழுக்கு ஆண்டாள் செய்ததைப் போற்றவே எழுதினேன் என்றார் அவர். எங்கள் தாயைப் பழித்துவிட்டார் என்றார்கள் ஊர்க்காரர்கள். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே கேள்வி இல்லை. பக்கத்து வீட்டாருக்கு அன்று எவ்வளவு வலித்தது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். கன்வென்ஷன் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்து, அவர்கள் கும்பிடுவதைப் பிசாசு என்று ஒரு பிரசங்கியார் சொல்லும்போது அதே தெருவில் அதே வலிதான் வலிக்கும். உங்கள் தோழி அதைத்தான் சொன்னார். அதுவும் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர் சொன்னார்.

இனி, செய்ய வேண்டியவை

தோழியிடம், "எங்கள் விசுவாசம் இதுதான், அதை நான் விட முடியாது; ஆனால் மைக்கில் அப்படிப் பேசுவதை நானும் ஒப்பவில்லை" என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மையாக இருந்தால் இரண்டையும் சொல்லலாம். கருத்து வேறுபாட்டை மழுப்ப வேண்டாம். ஆடிப்பூரச் சாப்பாடும் கிறிஸ்துமஸ் சாப்பாடும் அதைத் தாங்கும்.

தம்பிக்காக ஜெபிப்பது உங்கள் உரிமை. அவர் காதில் விழும்படி ஜெபிப்பது தொந்தரவு.

மகளை இந்த ஆண்டு திடப்படுத்தலுக்கு வற்புறுத்தாதீர்கள். குழந்தையில் ஞானஸ்நானத்தின்போது அவளுக்காக நீங்கள் சொன்ன வாக்கை, விவரம் தெரிந்த வயதில் அவளே சொல்வதுதான் அந்தச் சடங்கு. மனம் ஒப்பாமல் பிஷப் முன்னால் முழங்காலில் நின்று சொல்லும் வாக்கு உங்கள் வேதத்தின்படியே பொய். சந்தேகப்பட்ட தோமாவை மற்றச் சீடர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர் அவர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தார். அநியாயம் நடக்கும்போது உங்கள் பண்டிகையும் பாட்டும் எனக்கு வேண்டாம் என்று கடவுள் பெயரால் பேசிய ஆமோஸ் தீர்க்கதரிசியையும் பைபிளிலிருந்து யாரும் நீக்கவில்லை. மகளிடம் இந்த இரண்டு இடங்களையும் காட்டுங்கள். ஆலயத்துக்கு வருவதும் வராததும் பிறகு அவள் தீர்மானம்.

அவளுக்கு நீங்கள் சொல்லக்கூடிய நேர்மையான பதில் ஒன்றுண்டு, அது வாய்ப்பேச்சில் இல்லை. 'கருக்கு'வை நீங்களும் படியுங்கள். பிறகு பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ சபைக் கமிட்டியிலோ எழுந்து, நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வரிசையா, பீடத்தில் உதவி செய்யவும் கமிட்டியில் உட்காரவும் எல்லாருக்கும் இடம் உண்டா என்று கேளுங்கள். அங்கே என்ன பதில் வருகிறதோ அதை அப்படியே மகளிடம் சொல்லுங்கள்.

என் தீர்ப்பு இது: இந்த மூவரில் ஒருவரும் பகைவர் இல்லை. அவர்களில் உங்கள் மகள் கேட்டிருக்கும் கேள்வி சபைக்கு வந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் சபைக்குத்தான் இருக்கிறது.